மாவு சிவக்கும் நேரம்

மைதாவையும் எண்ணெயையும் சேர்த்து வறுக்கும் ரூவைக் கிண்டும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. போன் அடித்தாலும், சர்வீஸ் பக்கமிருந்து கேப்டன் வந்து கூப்பிட்டாலும், அந்த முக்கால் மணி நேரம் கரண்டி நிற்கக் கூடாது. என்னிடம் வேலைக்குச் சேரும் எந்தத் தம்பிக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மைதாவும் எண்ணெயும் எடைக்கு எடை சமம். அடி கனத்த இரும்புச் சட்டி. நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைவான தீ. சட்டியின் ஓரத்தையும் நடுவையும் ஒரே சீராகத் தொட்டு வரும் தட்டையான மரக்கரண்டி. இவ்வளவுதான் சாமான். மற்றதெல்லாம் கண்ணும் மூக்கும்.

முதலில் வருவது பச்சை மாவின் வாடை. அது போனதும் பிஸ்கட் சுடும் வாசம். பிறகு வறுகடலை வாசம் எழும்போது மாவு பொன்னிறம் தாண்டியிருக்கும். லூசியானா மாநிலத்துச் சமையற்காரர்கள் இதற்குமேல் நிறத்தை வைத்தே பேசுகிறார்கள்: வேர்க்கடலை வெண்ணெய் நிறம், செப்புக் காசு நிறம், பால் சாக்லேட் நிறம், கடைசியாகக் கருஞ்சாக்லேட். கடைசி இரண்டு நிறங்களுக்கு நடுவே வெகு சில நிமிடங்களே உண்டு. அந்த நிமிடங்களில்தான் கம்போ என்னும் குழம்பின் தலையெழுத்து முடிவாகிறது. கரும்புள்ளி ஒன்று தெரிந்தாலும் சட்டியோடு கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கசப்பு ஏறிவிட்ட ரூவைச் சர்க்கரை போட்டோ தக்காளி போட்டோ காப்பாற்ற முடியாது. திருநெல்வேலியில் அல்வா கிண்டுகிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இருக்காது.

ஏன் இத்தனை நேரம் என்று தம்பிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குழம்பைக் கெட்டியாக்க மட்டும்தான் மாவு என்றால் ஐந்து நிமிடமே போதும். உண்மையில் மாவு சிவக்கச் சிவக்க அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறைந்துகொண்டே போகும். வெப்பத்தில் மாவுச்சத்து சிறு சிறு துண்டுகளாக உடைந்துவிடும். ஆக, கருத்த ரூவில் நாம் தேடுவது கெட்டித்தன்மை இல்லை, ருசி. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது எது நடக்கிறதோ அதே வகை வேதிமாற்றம்தான் மாவிலும் நடக்கிறது. அதற்குக் குறுக்கு வழியும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற செஃப் பால் புருடோம் எண்ணெயைப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, மாவைத் தூவி, சில நிமிடங்களிலேயே ரூவைக் கருக்கிவிடுவார். அது பெரிய கை. உடம்பில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் ஒட்டிக்கொண்டு எரிக்கும். வேளச்சேரியில் என் அடுப்பில் மெதுவான வழி மட்டுமே நடக்கும் என்று வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளின் கை எனக்கு முக்கியம்.

ரூ சரியான நிறத்துக்கு வந்த கணத்தில் பொடியாக நறுக்கிய வெங்காயமும் செலரியும் பச்சைக் குடமிளகாயும் உள்ளே விழ வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் புனித மூவர் என்பார்கள் அந்த ஊரில். வெங்காயம் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு. அவற்றின் ஈரம் சூட்டை இறக்கி, ரூ மேற்கொண்டு கருகாமல் நிறுத்திவிடும். எனவே ரூ ஏற்றுவதற்கு முன்பே காய் நறுக்கித் தயாராக அடுப்பருகில் இருக்க வேண்டும். "காய் எங்கே தம்பி?" என்று ரூ சிவந்தபின் கேட்கும் நிலை ஒரு கிச்சனில் வரவே கூடாது.

தரமணியில் நான் ஹோட்டல் படிப்புப் படித்தபோது ரூ மூன்று வகை: வெள்ளை, பொன், பழுப்பு. அது பிரெஞ்சுப் பாடம். நான்காவது ஒன்று இருக்கிறது என்பதைக் கப்பலில்தான் தெரிந்துகொண்டேன். நம் ஊர்ப் பையன்கள் பலரைப்போல நானும் படிப்பு முடிந்ததும் சுற்றுலாக் கப்பலின் சமையலறைக்குப் போனேன். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் துறையில் ஏறிய லூசியானாக்காரப் பெரியவர் ஒருவர், பணியாளர்களுக்கான சாப்பாட்டுக்குக் கம்போ வைப்பார். அவர் சட்டியருகே நின்று கற்றதை வைத்துத்தான் இன்றைக்கு வேளச்சேரியில், அமெரிக்காவின் தென்பகுதிச் சமையலை மட்டுமே பரிமாறும் ஓர் உணவகத்தின் சமையலறையை நடத்துகிறேன்.

வேளச்சேரியில் இதற்கு ஆள் வருமா என்று ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். இந்தப் பகுதியைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரிவரை வந்தது. 2013இல் பீனிக்ஸ் மால் திறந்தது; அதையொட்டிப் பெரிய ஹோட்டல்களும் வந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டினால் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி அலுவலகங்கள். ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் விஜயநகரிலும் தரமணி சாலையிலும் நிறையவே இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட ருசியைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் பெரும்பாலானோர் வருவது பர்கர் எதிர்பார்த்துத்தான். அதில் தப்பில்லை. டல்லாஸில் 1975இல் பிறந்த சில்லீஸ் போன்ற சங்கிலிக் கடைகள் நம் ஊருக்கு முதலில் காட்டிய அமெரிக்கா அதுதான். மெனு அட்டையில் பர்கரைக் காணாமல் முகம் சுருங்குகிறவர்களிடம் எங்கள் கேப்டன் சொல்வது ஒன்றே: "சார், இன்னைக்கு ஒரு கிண்ணம் கம்போ மட்டும் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா செஃப்கிட்டயே சொல்லுங்க." நானும் மேசைக்குப் போய் நிற்பேன். அந்தப் பேச்சு இல்லாமல் இந்தத் தொழில் இல்லை.

ஒரு காலத்தில் அமெரிக்கர்களே தங்கள் வட்டாரச் சமையலை மேசைவிரிப்பும் கண்ணாடிக் கிண்ணமும் கொண்ட உணவகத்துக்குக் கொண்டுவரத் தயங்கியிருந்தார்கள். அங்கே உயர்ந்த உணவகம் என்றால் பிரெஞ்சுச் சமையல், பிரெஞ்சில் எழுதிய மெனு. 1976இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஷே பனீஸ் உணவகத்தின் செஃப் ஜெரமையா டவர், வட கலிஃபோர்னியாவில் விளைந்ததையும் பிடிபட்டதையும் வைத்து ஒரு விருந்து சமைத்தார். மெனுவை ஆங்கிலத்தில் எழுதி, எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் குறிப்பிட்டார். அதே வருடம் வர்ஜீனியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் உண்டாக்கிய ஃப்ரீடவுன் கிராமத்தில் பிறந்த எட்னா லூயிஸ் தன் கிராமத்துச் சமையலைப் பருவம் பருவமாக எழுதிப் புத்தகம் வெளியிட்டார். மூன்று வருடம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் புருடோம் தன் கே-பால்ஸ் உணவகத்தைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் கிராமத்து வீட்டுச் சட்டி நகரத்து உணவகத்தின் மேசைக்கு வந்து கௌரவமாக உட்கார்ந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆழ்வார்ப்பேட்டைதான் நினைவுக்கு வரும். 1989இல் அங்கே பார்க் ஷெரட்டன் ஹோட்டலில் தக்ஷிண் உணவகம் திறக்கும்வரை பெரிய ஹோட்டல்களில் தென்னிந்தியச் சாப்பாடு என்றால் இட்லி, தோசை, ஒரு சாம்பார். செஃப் பிரவீண் ஆனந்தும் அவரோடு இருந்தவர்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டு, நான்கு மாநிலங்களின் ருசியையும் அதனதன் பெயரோடு தனித்தனியாகத் தட்டில் வைத்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரே மாதிரித் தெரிந்த ஒன்று உள்ளே எத்தனை ஊராகப் பிரிந்திருக்கிறது என்று சென்னைக்குக் காட்டிய வேலை அது. நான் கம்போவுக்குச் செய்ய நினைப்பதும் அதுவே.

இன்னொருவரையும் மனத்தில் வைத்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார், நியூயார்க்கில் செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டல் போடுகிறார். வயல் நண்டும் நத்தையும் தின்று வளர்ந்த ஊரின் சாப்பாட்டை, வெளிநாட்டுக்காரருக்காக நீர்த்துப்போகச் செய்யாமல் பரிமாறினார். 2022இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப்புக்கான ஜேம்ஸ் பியர்டு விருதும் வந்தது. நம் நத்தைக்கு அந்த மரியாதையை எதிர்பார்க்கிற நான், லூசியானாக்காரர் கம்போவுக்கு அதே மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். கரம் மசாலா போட்டு "நம்ம டேஸ்டுக்கு" மாற்றிய கம்போவை நான் பரிமாறமாட்டேன்.

ஆனால் எதையுமே மாற்றாமல் வேளச்சேரியில் சமைக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: பொருளை மாற்றலாம், நேரத்தையும் வரிசையையும் மாற்றக் கூடாது. லூசியானாவின் சமையலே அப்படித்தான் உண்டானது. 1755 முதல் கனடாவின் அகேடியாவிலிருந்து ஆங்கிலேயர் துரத்திய பிரெஞ்சுக் குடியானவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள், அந்த மண்ணின் ஆதிக்குடிகள், ஸ்பானியர்கள். எவருக்கும் சொந்த ஊர்ப் பொருள் கையில் இல்லை. கிடைத்ததைப் போட்டார்கள், ஆனால் தங்கள் கைமுறையை விடவில்லை. அந்தக் கைமுறைதான் இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

விதியைச் சொல்வது சுலபம், ஒவ்வொரு பொருளிலும் அதைப் பிரயோகிப்பதுதான் வேலை. உதாரணத்துக்குப் பிரிஞ்சி இலை. நாம் பிரியாணிக்குப் போடும் இலையும் அமெரிக்கர் போடும் பே இலையும் ஒன்றல்ல, மரம் வேறு. நம்முடையதில் பட்டை வாசம் அடிக்கும், அவர்களுடையதில் கற்பூரமும் பைன் மரமும் கலந்த வாசம். பிரிஞ்சி இலை போட்டால் கம்போ குருமா வாசத்துக்குப் போய்விடும். எனவே அது இறக்குமதி. தைம் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வருகிறது, குறையில்லை. செலரி கோயம்பேட்டில் இங்கிலீஷ் காய்கறிக் கடைகளில் கிடைக்கிறது. வெயில் காலத்தில் தண்டு நார் ஏறி வரும், அப்போது வெளி நரம்பைச் சீவிவிட்டு நறுக்க வேண்டும். ஆண்டூய் என்ற பன்றி இறைச்சி சாசேஜுக்குப் பதிலாக, பன்றி சாப்பிடாத விருந்தினர்களுக்குக் கோழித்தொடையைப் பூண்டும் மிளகும் தடவி மாமரக் கட்டையில் நாங்களே புகை போடுகிறோம். அங்கே பீக்கன் மரக் கட்டை. புகையின் குணம் சற்று மாறும், ஆனால் எத்தனை மணி நேரம் புகைக்க வேண்டுமோ அத்தனை மணி நேரம் புகைக்கிறோம்.

ஃபிலே பொடியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. சாக்டா பழங்குடியினர் கற்றுக்கொடுத்தது. குழம்பை இறக்கியபின் தூவினால் வழவழப்பும் மண்வாசமும் வரும். பச்சை நிறத்தைப் பார்த்து, முருங்கை இலைப் பொடி போடலாமே என்று நல்ல எண்ணத்தோடு பலர் சொல்லியிருக்கிறார்கள். முருங்கைக்கு அந்த வழவழப்பு கிடையாது. அதன் பச்சைக் கசப்பு ரூவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஃபிலே கிடைக்காத நாளில் வெண்டைக்காய்க் கம்போ மட்டும்தான் வைப்பேன். அது லூசியானாவிலேயே இருக்கும் இரண்டாவது வழி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திணிப்பதைவிட, அந்தச் சமையலுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கதவைத் திறப்பது மேல்.

வெண்டைக்காயைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்கா போன காய் அது. இன்று உலகத்தில் மிக அதிகமாக வெண்டை விளைவது நம் நாட்டில்தான். நியூ ஆர்லியன்ஸில் பாதி வருடம் உறையவைத்த வெண்டையோடு மல்லுக்கட்டும் செஃப்கள் இருக்க, எனக்கோ தினமும் காலையில் நுனி ஒடித்தால் ஒடியும் பிஞ்சு கிடைக்கிறது. தண்ணீர் படாமல் துடைத்து, வட்டமாக அரிந்து, தனியாக எண்ணெயில் போட்டு நூல் போகும்வரை வதக்கிவிட்டுத்தான் குழம்பில் சேர்ப்போம். நம் வீட்டு அம்மாக்கள் செய்வதும் அதுதானே. என் கிச்சனில் பாத்திரம் கழுவும் ஊத்துக்கோட்டைக்கார அக்கா, ரூவை எட்டிப் பார்க்கவும் மாட்டார். வெண்டை வதக்கலை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

அடுத்தது இறால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதம் கடல் இறாலை நம்ப முடியாது, பண்ணை வனாமிதான். வனாமி அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம்; 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. இன்று அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்து போவது. லூசியானா மீனவர்களுக்கு அதில் ஆழ்ந்த மனவருத்தம் உண்டு. வெளிநாட்டு இறால் பரிமாறினால் உணவகங்கள் அதை விருந்தினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் 2019இல் சட்டமே கொண்டுவந்தது. அவர்கள் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. பட்டினப்பாக்கத்துப் படகுக்காரர் ஒருவரும் தன் இறாலின் விலை விழும்போது அப்படித்தான் பேசுவார். அதனால் எங்கள் மெனுவிலும் எழுதிவைக்கிறோம்: இன்று கடல் இறால், இன்று பண்ணை இறால் என்று. எதுவானாலும் தலையோடுதான் வாங்குவேன். தலையையும் ஓட்டையும் வறுத்துக் கொதிக்கவைத்து வடித்த ஸ்டாக் இல்லாமல் கடல்கம்போ கிடையாது. உரித்த இறாலோ அடுப்பை அணைப்பதற்கு மூன்று நிமிடம் முன்புதான் உள்ளே போகும்.

சென்னையில் உணவகம் நடத்துகிறவர் சைவ விருந்தினரை ஓரமாக உட்காரவைக்க முடியாது. ஒரு மேசையில் ஆறு பேர் வந்தால் இருவராவது சைவம். அமெரிக்கத் தென்பகுதிச் சமையலில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? பெரிய விடை ஒன்று இருக்கிறது: கீரைக் கம்போ. தவக்காலத்தில் இறைச்சி விலக்கிய கத்தோலிக்கர் வீடுகளில் பல கீரைகளைச் சேர்த்து வேகவைத்துச் செய்த குழம்பு. கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதைப் புகழ்பெறச் செய்தவர் லியா சேஸ். 1923இல் பிறந்து 2019இல் மறைந்த அந்தக் கறுப்பினப் பெண்மணி நியூ ஆர்லியன்ஸில் டூக்கி சேஸ் உணவகத்தை நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உட்காரச் சட்டம் இடம் தராத காலத்தில், சம உரிமைக்காகப் போராடியவர்கள் கூடிப் பேசியது அவருடைய மாடி அறையில்தான். அவர்களுக்குக் கம்போவும் வறுத்த கோழியும் சமைத்துப் போட்டார். ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் கீரைக் கம்போ வைப்பார். அவருடைய பக்குவத்தில் இறைச்சிகளும் நிறைய உண்டு. நான் அதற்கும் முந்தைய தவக்கால வழியை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே காலர்டு, கடுகுக்கீரை, டர்னிப் தழை, பீட்ரூட் தழை. இங்கே அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, முள்ளங்கித் தழை, பீட்ரூட் தழை, முட்டைக்கோஸ் வெளி இலை. ஏழாயிற்று. மணத்தக்காளியைச் சேர்த்தும் சமைத்திருக்கிறேன், கசப்பு மேலெழுந்து நிற்கிறது, விட்டுவிட்டேன். புளிச்சகீரை எப்போதும் வேண்டாம். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதையே ஸ்டாக்காக வைத்துக்கொள்ள வேண்டும். தென்பகுதி வீடுகளில் அந்தத் தண்ணீரைத் தனியாகவே கிண்ணத்தில் ஊற்றிச் சோள ரொட்டியைத் தொட்டுத் தின்பார்கள். இந்தக் கம்போவுக்கும் அதே கருத்த ரூ, அதே முக்கால் மணி நேரம். சைவம் என்பதால் கையைச் சுருக்கக் கூடாது. ஐப்பசி மழையில் கீரை சேறும் பூச்சியுமாக வரும். அந்த வாரங்களில் மெனுவிலிருந்து எடுத்துவிடுவேன், கேட்டாலும் தரமாட்டேன்.

இந்தக் குழம்புகளுக்கெல்லாம் துணை சோறு. அமெரிக்கா ரொட்டி தின்னும் நாடு என்று நினைத்து வருகிறவர்களுக்கு லூசியானாவும் தென் கரோலினாவும் சோறு தின்னும் ஊர்கள் என்பது பெரிய ஆச்சரியம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் நெல்லால் செழித்தது. அந்தச் செழிப்பின் அடியில் இருந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைத்துப் பழகி, அந்த அறிவுக்காகவே பிடித்துவரப்பட்ட அடிமைகள். கடல் ஏற்ற இறக்கத்தை மதகு வைத்துத் தடுத்து, சதுப்பைக் கழனியாக்கியது அவர்கள் உழைப்பு. உள்நாட்டுப் போருக்குப்பின் அந்த விவசாயம் நொடித்து, கரோலினா கோல்டு என்ற புகழ்பெற்ற நெல் வயலிலிருந்தே மறைந்தது. சவன்னாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷுல்சி என்ற கண் மருத்துவர் 1980களில் அரசு விதைக் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் விதை கேட்டு வாங்கி விதைத்தார். இன்று சார்ல்ஸ்டனின் உயர்ந்த உணவகங்களில் அந்த அரிசிக்குத் தனி இடம்.

இதை வாசித்தபோது திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் செய்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018இல் அவர் மறைந்தபோது 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டிருந்தார். விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்பார். அவர் காப்பாற்றிய வகைகள் பரவியதால்தான் எனக்கு இன்று தூயமல்லி தடையில்லாமல் கிடைக்கிறது. கரோலினா கோல்டை விமானத்தில் தருவித்துச் சமைப்பதைவிட, அதே போன்ற கதையுள்ள நம் அரிசியைப் பக்கத்தில் வைப்பது இந்தச் சமையலுக்குச் செய்யும் நேர்மை என்பது என் கட்சி. சீரக சம்பாவின் வாசம் கம்போவை அமுக்கிவிடும். பொன்னி தேவைக்கு மேல் குழையும். தூயமல்லி ஒட்டாமல், தன் ருசியை அடக்கி நிற்கிறது. காராமணியும் சோறும் சேர்த்து வேகும் ஹாப்பிங் ஜான் என்ற புத்தாண்டுச் சாப்பாட்டுக்கும் அதுவே. அந்தக் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு திசையிலும் பயணம் போனதுதான். நம் காரடையான் நோன்பு அடையில் இருப்பதும் அதே பயறு.

கருக்கிய மீன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புருடோம் வெண்ணெயில் தோய்த்து, மசாலாப் பொடி தூவி, செந்தழலாகச் சுட்ட இரும்புக் கல்லில் போட்டெடுத்த ரெட்ஃபிஷ் 1980களில் அமெரிக்கா முழுவதையும் பிடித்துக்கொண்டது. அந்த மோகத்தில் மெக்சிகோ வளைகுடாவில் மீனே அரிதாகி, அரசு வணிக மீன்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. நாங்கள் கொடுவாத் துண்டில் செய்கிறோம். கிளம்பும் புகைக்கு வலுவான புகைபோக்கி வேண்டும். வீட்டில் முயல வேண்டாம்.

பரிமாறுவதிலும் இந்தச் சமையலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கம்போவை அகலக் கிண்ணத்தில் ஊற்றி, நடுவில் ஒரு குவியல் சோறு. சோற்றின் மேல் குழம்பை ஊற்றுவது நம் வழக்கம். இங்கே குழம்பில் சோறு அமர வேண்டும், குழம்புதான் அதிகம். கரண்டியால் சாப்பிடுவது. கையால் பிசைந்து சாப்பிடுகிறேன் என்று பெரியவர் யாராவது கேட்டால் தாராளமாகச் சோறு கூட்டிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சட்டியில் நடந்ததுதான் என் பொறுப்பு, தட்டில் நடப்பது அவர் உரிமை. காரம் போதவில்லை என்பது அடிக்கடி வரும் குறை. அதற்காகத்தான் மேசையில் காடியில் ஊறிய மிளகாய்ச் சாறு வைக்கிறோம். லூசியானாவின் ஏவரி தீவில் 1868 முதல் செய்யப்படும் டபாஸ்கோ அந்த வகைதான். அங்கேயும் காரம் மேசையில்தான் கூடும், சட்டியில் அல்ல. மிளகாய்த்தூளைக் கிச்சனில் அள்ளிப் போட்டால் முக்கால் மணி நேரம் நின்று வரவழைத்த ரூவின் ருசி ஒரு நொடியில் மூடிப்போகும். விருந்தினர் முதல் மூன்று கரண்டியைச் சாறு விடாமல் சாப்பிட வேண்டும் என்று கேப்டன் பணிவாகச் சொல்வார். சொன்னால் கேட்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் சாப்பாட்டில் அக்கறையுள்ளவர்கள். காரணம் சொன்னால் எதையும் ஒரு முறை செய்து பார்ப்பார்கள்.

இனி கன்ட்ரி கேப்டன். எங்கள் மெனுவில் நான் அதிகம் நேசிக்கும் பதார்த்தம் இது. இதற்காகவே பரங்கிமலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோழி, குடமிளகாய், தக்காளி, கறிப்பொடி, மேலே உலர்ந்த சிறு திராட்சையும் வறுத்த பாதாமும். ஜார்ஜியாவிலும் கரோலினாக்களிலும் விருந்து என்றால் இது உண்டு. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் தங்கும்போதெல்லாம் அதிபர் ரூஸ்வெல்ட் விரும்பிச் சாப்பிட்டார், தளபதி பேட்டனும்தான். பிலடெல்ஃபியாவின் எலைசா லெஸ்லி 1857இலேயே தன் சமையல் நூலில் இதை எழுதிவிட்டார். அது போய்ச் சேர்ந்தது இங்கிருந்து. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இந்தப் பெயர் இருக்கிறது: வங்காளத்தில் ஒரு வறட்டுக் கறி, மதராஸிலோ பிளந்து விரித்து மசாலா தடவிச் சமைத்த கோழி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மதராஸ் வழக்கம் இது என்று எழுத அவருக்குத் தகுதி இருந்தது.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பரங்கிமலை, வேளச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வீடுகளில் கன்ட்ரி கேப்டன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அங்கிருந்து வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் தட்டைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "யார் மகனே இதில தக்காளி போட்டது?" என்றார். ஜார்ஜியா வழக்கம் என்று விளக்கினேன். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, ருசியில் குறை சொல்லவில்லை, ஆனால் தன் வீட்டுப் பக்குவத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு வறுத்துப் பாதியை எடுத்துத் தனியே வைக்க வேண்டும், மஞ்சள், மிளகாய், இஞ்சி, பூண்டு, தக்காளி கிடையவே கிடையாது, கடைசியில் எடுத்துவைத்த வெங்காயத்தைத் தூவ வேண்டும். நான் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதும் நேரமும் வரிசையும்தான், பொருள் கொஞ்சம்.

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் மட்டும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். ஜார்ஜியாவுக்குத் தொடைக்கறி, பரங்கிமலைக்கு முழுக்கோழியைப் பிளந்து வெட்டியது. முதலாவது சாற்றோடு இருக்கும், இரண்டாவது சட்டியில் ஒட்ட ஒட்ட வற்ற வேண்டும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் இறக்குவோம். வர நினைக்கிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட்டால் நல்லது. பரங்கிமலைக் கோழி முந்தின இரவே மசாலாவில் ஊற வேண்டும், அதை நான் காலையில் அவசரப்படுத்தமாட்டேன்.